மெட்ராஸ் பார்த்த வேட்டி

இப்போதெல்லாம் யாரும் ஓர் ஊருக்குச் சும்மா போய்விட்டு வருவதில்லை. பிளான் போடுகிறார்கள். முன்பு போக வேண்டும் என்றால் பையில் ஒரு வேட்டியைத் திணித்துக்கொண்டு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால் போதும். எந்த பஸ் முதலில் வருகிறதோ அதுதான் பிளான். இப்போது போனைத் தடவுகிறார்கள். எங்கே சாப்பிடுவது, எங்கே படுப்பது, எங்கே மூத்திரம் போவது என்பது வரைக்கும் போனைக் கேட்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே கேட்கிறார்களே, அதுதான் எனக்கு ஆகாது. பெற்ற பிள்ளை சிரித்துக்கொண்டு வந்து உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், அவனுக்கு ஏதோ வேண்டும் என்று பொருள்.

என் பிள்ளை தமிழ்வாணன் அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரித்துக்கொண்டு வந்தான். மெட்ராஸில் குரோம்பேட்டைப் பக்கம் இருக்கிறான். கூடவே மருமகள் ஷாரோன். நாங்கள் பார்த்துக் கட்டிவைத்த பெண் இல்லை, அவனாகப் பார்த்துக்கொண்டது. குறை சொல்ல முடியாது. ஆனால் கேள்வி கேட்கிற பெண்.

"நைனா, உன்னையும் அம்மாவையும் மூணு நாளு மெட்ராஸ் சுத்திக் காட்டப் போறோம்" என்றான்.

"இன்னாத்துக்கு?"

"இன்னாத்துக்குன்னா? சும்மா சுத்திப் பாக்கத்தான்."

நான் என் சம்சாரத்தைப் பார்த்தேன். பாஞ்சாலிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. பழையசீவரத்துக்குப் பாரிவேட்டைத் திருவிழா பார்க்கப் போனபோது, மலைப்படியில் பாதியில் உட்கார்ந்தவள்தான். ஆள் வைத்துத் தூக்கி இறக்கினோம். அதற்குப் பிறகு வீடு, பின்கட்டு, எப்போதாவது காஞ்சிபுரத்தில் டாக்டர். அவ்வளவுதான் அவளுக்கு உலகம். தெருமுனைக்கு நடந்து போயே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மூன்று கால் வைத்த குச்சி ஒன்று டாக்டர் கொடுத்தது. அதை ஊன்றிக்கொண்டு நடப்பாள். அந்த டாக்டர்தான் முழங்கால் மூட்டை மாற்ற வேண்டும் என்று சொன்னது. கத்தியெல்லாம் வேண்டாம் என்று நான்தான் எழுந்து வந்துவிட்டேன். தமிழ்வாணனுக்கு அதில் என்மேல் வருத்தம்.

இப்போது அவன் சுத்திக் காட்டுகிறேன் என்கிறான். நடக்க முடியாதவளைக் கூட்டிக்கொண்டு போய் எதைச் சுத்திக் காட்டுவான்?

எனக்கு உடனே சடையப்பன் ஞாபகம் வந்தது. வடக்குத் தெருவில் இருக்கிறான், என் வயசுதான். அவனை அவன் பெண் இப்படித்தான் "கடல் பாக்கலாம் வா நைனா" என்று மெட்ராஸுக்குக் கூட்டிப்போனாள். திரும்பி வரும்போது இரண்டு முழங்காலிலும் இரும்பு இருந்தது. நன்றாகத்தான் நடக்கிறான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தரையில் குந்த முடியாது. எங்கே போனாலும் யாராவது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட வேண்டும். கடலைப் பார்த்தாயா என்று கேட்டேன். ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து தெரிந்தது என்றான்.

பாஞ்சாலி இதையெல்லாம் யோசிக்கிறவள் இல்லை. "மெட்ரோ ரயில்ல போலாமா?" என்று கேட்டாள். "பூமிக்குள்ள போவுதாமே. டிவில காட்டினான்."

"அதுலதான் முதல்ல, அத்தை" என்றாள் ஷாரோன்.

கிழவிக்கு முகமே மாறிவிட்டது. அதைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று பளிச்சென்று சொல்ல வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

அதற்குள் ஷாரோன் பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்து, பாஞ்சாலி படுக்கிற கட்டிலின் உயரத்தை அளந்தாள். அவள் உட்காருகிற நாற்காலியை அளந்தாள். பின்கட்டுக்குப் போய்க் கக்கூஸை அளந்தாள்.

"இன்னாம்மா, நீ மெட்ராஸுல கொத்து வேலைக்கா போற?" என்றேன்.

"இல்ல மாமா, அத்தை எந்த உயரத்துல இருந்து தானா எழுந்திருக்காங்களோ, அதே உயரம் அங்கயும் இருக்கணும். லாட்ஜ்ல கட்டில் தாழ்வா இருந்தா ராத்திரி எழுந்திருக்க முடியாது."

"லாட்ஜா? புள்ள வூடு இருக்கச் சொல்லோ லாட்ஜ் இன்னாத்துக்கு?"

"எங்க வூடு ரெண்டாவது மாடி, நைனா. லிப்ட் இல்ல. இது கீழ் ரூம்" என்றான் தமிழ்வாணன்.

"லாட்ஜ்காரன் உனுக்குக் கட்டில அளந்து சொன்னானா?"

"நிறைய பேர் சொல்லல மாமா. போனை வெச்சுட்டாங்க. ஒருத்தர் மட்டும் அளந்து சொன்னாரு. அதனாலதான் அந்த லாட்ஜ்" என்றாள் ஷாரோன்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. கட்டில் உயரம், கக்கூஸ் உயரம், கைப்பிடி, கீழ்த்தளம் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தால் அது லாட்ஜ் மாதிரி இல்லை. அவளோ மேலே மேலே சொல்லிக்கொண்டு போனாள். எல்லா இடத்திலும் சக்கர நாற்காலி இருக்குமாம். ரயில் ஸ்டேஷனில் அவர்களே கொடுப்பார்களாம், தள்ள ஆளும் வருவானாம். ஒரு நாளைக்கு ஓர் இடம்தானாம். காலையில் போய்விட்டு மத்தியானம் படுத்து ஓய்வெடுக்க வேண்டுமாம். கடைசியில், பாஞ்சாலி சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளை வாங்கிப் போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

"இது எதுக்கு?"

"எதுக்கும் இருக்கட்டும்னுதான் மாமா."

எதுக்கும் இருக்கட்டும். சடையப்பன் பெண்ணும் இதே வார்த்தையைத்தான் சொன்னாளாம்.

"இந்தா பாரும்மா" என்றேன். "நேராக் கேக்கறேன். இது ஆஸ்பத்திரி வேலைதான?"

தமிழ்வாணன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஷாரோன் சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரின்னா ஆஸ்பத்திரின்னே சொல்லுவேன் மாமா. பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போய் அப்புறம் உங்ககிட்ட யாரு திட்டு வாங்கறது?" என்றாள்.

நல்ல பதில்தான். நல்ல பதிலாக இருப்பதே எனக்கு இடித்தது.

நாள் குறித்தார்கள். அடுத்த வாரத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலை. வாரநாள் என்றால் கூட்டம் இருக்காதாம். பாஞ்சாலி விரல் விட்டுப் பார்த்துவிட்டு, "செவ்வாக்கிழமை வடக்க சூலம்" என்றாள்.

ஷாரோனுக்கு அது புரியவில்லை. பாஞ்சாலி சொன்னாள்: சூலம் இருக்கிற திசைக்கு அன்றைக்குப் பயணம் கிளம்பக்கூடாது. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். எங்களுக்கு மெட்ராஸ் வடக்கு. நாளை மாற்ற முடியாவிட்டால் ஒரு வழி இருக்கிறது. முதல் நாளே நல்ல நேரம் பார்த்து, போகிறவர்களின் துணியை மூட்டையாகக் கட்டி, போகிற திசையில் வேறு யார் வீட்டிலாவது வைத்துவிட வேண்டும். துணி போய்விட்டால் ஆள் போன மாதிரி. மறுநாள் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். யார் துணி போகவில்லையோ அவர் கிளம்பவில்லை, அவர் போகக்கூடாது.

"லக்கேஜை முன்னாடியே அனுப்பற மாதிரி. சரி அத்தை, அனுப்பிடலாம்" என்றாள் ஷாரோன். அவள் வீட்டில் இதெல்லாம் கிடையாது. ஆனாலும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

அவர்கள் போன பிறகு சடையப்பனிடம் போய்ச் சொன்னேன்.

"கூட்டினு போய் இரும்ப வெச்சித்தான் அனுப்பட்டுமே" என்றான், நாற்காலியில் சாய்ந்துகொண்டு. "நான் செத்தா பூட்டேன்?"

"நீ கீழ குந்த முடியுமா?"

"இப்ப மட்டும் உன் பொண்டாட்டி கீழ குந்தறாளா?"

அவனோடு பேசிப் பயனில்லை. இரும்பு வைத்தவன் இன்னொருத்தருக்கும் வைக்கத்தான் பார்ப்பான்.

பாஞ்சாலி அந்த நாட்களில் எப்போதும் இல்லாத அளவு பேசினாள். ரயிலில் ஜன்னல் பக்கம் இடம் கிடைக்குமா, பூமிக்குள் போனால் மூச்சு முட்டாதா, மேலே வீடு கட்டியிருக்கிறார்களே, அது ரயில் மேல் விழாதா. எனக்கு எப்படித் தெரியும்? "வுழும்" என்றேன். "வுழட்டும், பாத்துட்டு சாவறேன்" என்றாள்.

"உன் காலு இருக்கற இருப்புக்கு இதெல்லாம் வேணுமா?"

"காலு பூட்ச்சின்னா கண்ணுமா பூட்ச்சி? நான் இந்த வூட்ட வுட்டு எப்ப வெளிய போனேன், சொல்லு பாக்கலாம். செவுத்துல பல்லி எந்த எடத்துல குந்தும்னு எனக்குத் தெரியும். அதத் தவிர இன்னா தெரியும்?"

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் நியாயம் என்பதற்காக அவள் காலைக் கத்திக்குக் கொடுக்க முடியுமா?

திங்கட்கிழமை காலையிலிருந்து அவள் நடையே சரியில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள். நிலையைப் பிடித்தாள், கட்டில் காலைப் பிடித்தாள். பிரயாணப் பயத்தில் வலி கூடிவிட்டது என்று நினைத்தேன்.

"பாரு, செவுரு இல்லாம ஒரு அடி வெக்க முடியல. ரயில்ல செவுரா இருக்கும்?"

"கம்பி இருக்குமாம். ஷாரோன் சொல்லிச்சி" என்றாள்.

சாயங்காலம் மூட்டையைக் கட்டினாள். அவளுடைய அரக்குப் புடவை ஒன்று. என்னுடைய பச்சைக்கரை வேட்டி ஒன்று. பழைய துண்டில் சுற்றி முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்தாள். "சடையப்பன் வூட்டுல வெச்சிட்டு வா. திரும்பிப் பாக்காத போ" என்றாள்.

அவளால் போக முடியாது. நான்தான் போக வேண்டும். நடந்துகொண்டே யோசித்தேன். பெரிய பெரிய பிளான் எல்லாம் போட்டார்கள், கட்டிலை அளந்தார்கள், லாட்ஜ்காரனை மிரட்டினார்கள். கடைசியில் எல்லாம் என் கையிலிருந்த இந்தத் துண்டு மூட்டையில் வந்து நின்றது. புடவை போகவில்லை என்றால் அவள் கிளம்பவில்லை. சூலத்தை மீறி அவள் ஓர் அடி வைக்க மாட்டாள். அவளைப் பெற்றவன் ஒரு புதன்கிழமை அப்படி வடக்கே போய்த்தான் வண்டியோடு கவிழ்ந்தான்.

அரிசி மில் பின்புறம் ஆள் நடமாட்டம் இல்லை. முடிச்சை அவிழ்த்தேன். புடவையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வேட்டியை மட்டும் மறுபடி கட்டினேன். சடையப்பன் வீட்டில் மூட்டையை வைத்தேன். வரும்போது மாட்டுக் கொட்டகைக்குப் போய் வைக்கோல் போரில் கை நுழைகிற வரைக்கும் நுழைத்துப் புடவையைச் சொருகிவிட்டு வந்து சாப்பிட்டேன். தூக்கம் நன்றாக வந்தது.

செவ்வாய்க்கிழமை பொழுது விடிந்ததும் வாடகைக் கார் வந்தது. ஏறுவதற்கு உயரமும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல் ஒரு கார். ஷாரோன் இறங்கியதும் முன் சீட்டைப் பின்னால் தள்ளினாள். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தாள். முதலில் உட்கார்ந்துகொண்டு அப்புறம் இரண்டு காலையும் சேர்த்துத் திரும்பினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடலாமாம். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுக்காமல் இதெல்லாம் யாருக்குத் தெரியும்?

பாஞ்சாலி தலை வாரிப் பூ வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்கு எதிரே போய் நின்றேன்.

"நீ கெளம்பல" என்றேன்.

"இன்னா?"

"மூட்டையில என் வேட்டிதான் கீது. உன் பொடவை இல்ல. நீ கெளம்பல. இன்னைக்கு வடக்க சூலம்."

தமிழ்வாணன், "நைனா!" என்று கத்தினான். ஷாரோன் மாமியாரைப் பார்த்தாள். மருமகளுக்குக் கண் கலங்கிவிட்ட மாதிரி இருந்தது. நடிப்போ என்னவோ.

பாஞ்சாலி மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "பொடவை எங்க கீதுன்னு எனக்குத் தெரியும். போர்ல கீது" என்றாள்.

மாட்டுக் கொட்டகைப் பக்கமிருந்து செங்கேணி வந்தாள். எங்கள் மாட்டைப் பார்த்துக்கொள்கிறவள், வடக்குக் கடைசியில் அவள் வீடு. கையில் அரக்குப் புடவை. அதில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். "விடியக்காத்தால மாட்டுக்கு வைக்கோல் புடுங்கினேன், இது வந்திச்சி. மாடு ஒரு வாய் கட்ச்சிட்சி, யம்மா" என்றாள்.

"கெடைச்சா இன்னா? முன்னாடி போவலையே" என்றேன். "போவாத துணி போவாததுதான்."

"யோவ்" என்றாள் பாஞ்சாலி. "நேத்துல இருந்து நான் செவுத்தப் புட்ச்சிகினு நடக்கறனே, குச்சி எங்கன்னு ஒரு வார்த்த கேட்டியா?"

நான் கேட்கவில்லை.

"நேத்துக் காலைலயே நல்ல நேரத்துல செங்கேணிகிட்ட குடுத்தனுப்பிட்டேன். அவ வூட்டுல கீது. பொடவையாவது பொட்டியில கெடக்கும். குச்சி இல்லாத நான் இல்ல. அது பூட்ச்சி, நான் பூட்டேன். உங்கூட இத்தினி வருசம் குடித்தனம் பண்ணவளுக்கு நீ மூட்டைய எங்க அவுப்பன்னு தெரியாதா?"

ஷாரோன் சிரித்துவிட்டாள். செங்கேணி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். குச்சியைத் துணிக்குப் பதிலாக அனுப்பலாமா என்று யாரைக் கேட்பது? பெரியவர்கள் குடை அனுப்பியிருக்கிறார்கள், செம்பு அனுப்பியிருக்கிறார்கள். குச்சி செல்லாது என்று சொல்ல எனக்குச் சட்டம் தெரியவில்லை.

"நான் வரல" என்றேன்.

"நைனா, உன் வேட்டிதான் பூட்ச்சே" என்றான் தமிழ்வாணன்.

"வராட்டி போ. வேட்டி மட்டும் மெட்ராஸ் பாத்துட்டு வரட்டும்" என்றாள் பாஞ்சாலி.

ஷாரோன் என்னிடம் வந்து தனியாகக் கேட்டாள். "மாமா, நீங்க வந்தா அத்தைக்கு இன்னும் நல்லா இருக்கும். உங்களுக்கும்தான் ரூம் போட்டிருக்கு."

"எனக்கு முட்டி நல்லாத்தான் கீது" என்றேன்.

பாஞ்சாலி கார் சீட்டில் உட்கார்ந்து, ஷாரோன் சொன்ன மாதிரி திரும்பினாள். பிளாஸ்டிக் பை வழுக்கியது. கால் இரண்டும் உள்ளே போய்விட்டன. இரண்டு வருஷமாக நானும் அவளும் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன். கார் வடக்கே போனது. சடையப்பன் வீட்டில் நின்று மூட்டையை எடுத்தார்கள். சடையப்பன் வீட்டில் நின்று மூட்டையை எடுத்தார்கள். அதற்குப் பிறகு திருப்பத்தில் மறைந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது, அதுதான் முறை.

அன்றைக்கு நான் பழையதைப் போட்டுச் சாப்பிட்டேன். தரையில் உட்கார்ந்துதான்.

மறுநாள் சடையப்பன் ஆள் அனுப்பினான். போனில் என் பிள்ளை கூப்பிடுகிறானாம், முகம் தெரிகிறதாம். போனேன். சடையப்பன் போனைத் தன் இரும்புக்காலில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தான்.

போனுக்குள் பாஞ்சாலி இருந்தாள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் பளபளவென்று வெள்ளைச் சுவர், வெள்ளை விளக்கு. தரை முகம் பார்க்கிற மாதிரி துடைத்திருந்தது. சீருடை போட்ட ஓர் ஆள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் இடுப்புக்குக் கீழே பாதம் வரைக்கும் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது.

நான் நினைத்தபடியேதான். ஆச்சரியப்படவில்லை.

"காலக் காட்டு" என்றேன்.

"இன்னா?"

"துணிய எடுத்துட்டுக் காலக் காட்டு."

"யோவ், இது உன் வேட்டிய்யா! ஏசி குளிருது, போத்திகினு கீறேன். பச்சக்கரை தெரியல?" என்று ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். பச்சைக்கரைதான். ஆனால் ஆஸ்பத்திரித் துணியிலும் பச்சை இருக்கும். நான் காஞ்சிபுரத்தில் பார்த்திருக்கிறேன்.

"மாமா, நாங்க மெட்ரோ ஸ்டேஷன்ல இருக்கோம்" என்று ஷாரோன் குரல் வந்தது. "லிப்ட்லயே கீழ வந்துட்டோம். ஒரு படி இல்ல. நேத்து வர வழில அத்தை எங்க வூட்டையும் பாத்தாங்க. கீழ இருந்துதான். நான் மேல ஜன்னல்ல நின்னு கை காட்டினேன்."

"அவ பால்கனில கருவேப்பில வெச்சிருக்கா" என்றாள் பாஞ்சாலி. அதைச் சொல்லும்போது அவள் குரல் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஊசி போட்டாலும் அப்படி இருக்கும் என்று சொல்வார்கள்.

"டாக்டர் யாராவது வந்தாங்களா?" என்றேன்.

"ஒரு டாக்டரும் வரல. நீயும் வரல" என்றாள்.

அப்போது அவளுக்குப் பின்னால் எதுவோ காற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றது. கதவுகள் தாமாகத் திறந்தன. சீருடைக்காரன் நாற்காலியைத் தள்ளினான். அவள் வேட்டியை முழங்காலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை ஆட்டினாள். எனக்கா, உள்ளே இருந்தவர்களுக்கா என்று தெரியவில்லை. உள்ளே ஒரு பொம்பளை எழுந்து இடம் விட்டாள். கதவு மூடியது. கொஞ்ச நேரத்தில் போனில் படம் அப்படியே நின்று, பிறகு கறுப்பாகிவிட்டது.

"பூமிக்குள்ள பூட்டாங்க. சிக்னல் இல்ல" என்றான் சடையப்பன். "பாத்தியா? ரயிலு. உன் பொண்டாட்டி ரயில்ல போறா. இப்பவாவது நம்புறியா?"

"உள்ள கூட்டினு போவச் சொல்லோ போன அணைச்சித்தான் வெப்பாங்க" என்றேன்.

"யோவ், அதான் ரயிலு வந்திச்சே!"

"பெரிய ஆஸ்பத்திரியா இருக்கும். உள்ளயே ரயிலு வுட்டிருப்பான்."

அவன் என்னவோ கத்தினான். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். நாளைக்குத் திரும்பி வருவார்கள். முழங்காலைப் பார்த்தால் தெரிந்துவிடப்போகிறது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நேரமாகிவிட்டது என்று நடந்தேன்.